அம்பாளுடன் வந்த சங்கீதம்

தஞ்சாவூருக்குச் செல்லும் அன்பர்கள் பெரிய கோயிலில் தரிசனம் முடித்து, புன்னைநல்லூர் மாரியம்மனையும் வணங்கி ஊர் திரும்பிவிடுகிறார்கள். மேலவீதியில் பங்காரு காமாட்சி எழுந்தருளியிருக்கும் ஆலயத்தைத் தேடிச் செல்வோர் குறைவு. வங்கிப் பணி நிமித்தம் அவ்வூரில் மூன்றாண்டுகள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்தச் சந்நிதியில் நிற்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது.

'பங்காரு' என்றால் தெலுங்கில் பொன். ஆயினும் புனுகு சாத்திய அன்னையின் திருமுகம் கரியதாகவே காட்சி தருகிறது. கலகக் காலத்தில் பொன் மேனி வெளியே தெரியாதிருக்கவே புனுகு சாத்தினார்கள் என்று பெரியோர் சொல்வதுண்டு. அன்னை இவ்வூருக்கு வந்த வரலாறே ஒரு நெடும்பயணம். காஞ்சியிலிருந்த பொன் விக்கிரகத்தைப் படையெடுப்புக்கு அஞ்சி அங்கிருந்து கொண்டுசென்றனர் என்பது மரபு. உடையார்பாளையம் முதலிய பல இடங்களில் தங்கி, அன்னை திருவாரூர் வந்து சேர்ந்தாள். பூஜை உரிமை பெற்ற குடும்பத்தாரும் அவளுடனேயே ஊர் ஊராக வந்தனர்.

அந்தக் குடும்பத்தில் 1762ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவரே சியாமா சாஸ்திரிகள். அவருடைய வாழ்நாளில் சோழ நாடு கண்ட மாற்றங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1773இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் அரசு மீண்டும் மராத்திய மன்னர் துளஜாவிடம் வந்தது. 1781இல் ஹைதர் அலியின் படை புகுந்து ஊர்களைச் சூறையாடியது. அதனை 'ஹைதர் கலாபம்' என்று நம் முன்னோர் நெடுங்காலம் சொல்லி வந்தனர். அந்த வேளையில்தான் திருவாரூரிலிருந்து அன்னையைத் தஞ்சைக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர். பிறகு 1799இல் சரபோஜி மன்னர் செய்துகொண்ட உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே எஞ்சின.

யார் ஆள்கிறார்கள் என்றே தெளிவில்லாத அத்தகைய காலத்தில் சாஸ்திரிகள் என்ன செய்தார்? காலையும் மாலையும் அன்னைக்குப் பூஜை செய்தார். அவள் முன் அமர்ந்து பாடினார். அதுவரை நாட்டியத்துக்கு உரியதாக இருந்த ஸ்வரஜதி என்னும் வகையை, அமர்ந்து பாடுதற்குரிய உருப்படியாக உயர்த்தினார். பைரவி, யதுகுல காம்போதி, தோடி ஆகிய ராகங்களில் காமாட்சியின் மீது அவர் இயற்றிய மூன்று ஸ்வரஜதிகளை இன்றும் வித்வான்கள் பயபக்தியோடு பாடுகின்றனர்.

அரண்மனையின் மொழி மராத்தி. வீதியின் மொழி தமிழ். சாஸ்திரிகள் பெரும்பாலும் பாடியது தெலுங்கில். தமிழிலும் சில கீர்த்தனைகள் செய்தார். அன்னையின் சந்நிதியில் அம்மொழிகளுக்குள் வழக்கு எதுவும் எழவில்லை.

அதே திருவாரூரில் அவதரித்த முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பமும் ஊர் விட்டுச் சென்றது. சென்னையை அடுத்த மணலியில் ஒரு பிரபுவின் ஆதரவில் அவர்கள் வாழ்ந்த நாளில், கம்பெனியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க நேர்ந்தது. தீட்சிதர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வ ஸ்துதிகளை அமைத்தார். அவற்றை 'நோட்டு ஸ்வரம்' என்கிறோம். ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டு அவர் வாக்கில் சியாமளா தேவியின் துதியாயிற்று! அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பிடிலைக் கற்று நம் சங்கீதத்துக்கு உரியதாக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

1855இல், ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தால் தஞ்சை அரசே இல்லாமற்போனது. ஆதரவு இழந்த வித்வான்கள் பலர் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். அரண்மனை கைவிட்ட சங்கீதம் அழியவில்லை. பாடுபவர்கள் அதைத் தம்முடன் கொண்டுசென்றார்கள்.

ஆயினும் எல்லாமே பிழைத்துவிட்டன என்று சொல்ல இயலாது. பெரிய சீடர் கூட்டம் சாஸ்திரிகளுக்கு அமையவில்லை. அவருடைய உருப்படிகளுள் நமக்குக் கிட்டியவை நூற்றுக்கும் குறைவே. கற்றுக்கொள்ள ஒருவர் இருந்தவை நின்றன, மற்றவை மறைந்தன.

இதை எழுதும்போது என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமத்து வீட்டை விற்றுச் சென்னைக்கு வந்தபோது, என் தாயார் குத்துவிளக்கையும் ஒரு பாட்டு நோட்டையும் மட்டும் தம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தினமும் விளக்கேற்றிப் பாடுவார். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருப்பேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். வெளிநாட்டில் வளரும் என் பேத்தி இப்போது வாரந்தோறும் கைப்பேசி வழியே பாட்டுக் கற்கிறாள். சென்ற மாதம், "கொள்ளுப்பாட்டி பாடின பாட்டு ஒண்ணு சொல்லிக் கொடுங்க தாத்தா" என்று கேட்டாள். நோட்டைப் பிரித்தேன். சாகித்யம் அழகிய கையெழுத்தில் இருக்கிறது. ராகத்தின் பெயர்கூட இருக்கிறது. மெட்டு மட்டும் இல்லை. அது அம்மாவின் குரலில் இருந்தது.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் பழைய பாட்டுகளை அறிந்த பெரியவர் இருந்தால், இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். நீங்களே அந்தப் பெரியவர் என்றால், குரல் நடுங்கினாலும் பாடுங்கள்; பேரக்குழந்தைகளைக் கூடப் பாடச் சொல்லுங்கள். அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும்போது மேலவீதிக்கும் செல்லுங்கள். அன்னையின் முன் ஒரு பாட்டேனும் வாய்விட்டுப் பாடிவிட்டு வாருங்கள்.