கறி தின்றால்தான் இரத்தமா? சைவ உணவு உடலுக்கு நல்லதா, கெட்டதா?



நம் அறக்கட்டளையின் மருத்துவ முகாம் முடிந்த அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் உணவு பற்றியவைதான் அதிகம். சர்க்கரை, கொழுப்பு என்று சீட்டு எழுதி வாங்கிய பெரியவர்கள் சிலர், "டாக்டர் கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார், இனிமேல் சைவம்தான்" என்று கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். அதே முகாமில் இரத்தச் சோகை என்று தெரியவந்த பெண்களின் வீட்டாரோ, "நாங்கள் என்ன கறி தின்னாதவர்களா? எங்கள் பிள்ளைக்கு எப்படி இரத்தம் குறையும்?" என்று சீட்டையே நம்ப மறுக்கிறார்கள். ஆரோக்கியம் கறியில்தான் இருக்கிறது என்று ஒருவரும், கறியை விடுவதில்தான் இருக்கிறது என்று மற்றவரும் நம்புகிறார்கள். இருவருக்கும் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

மார்க்க ரீதியாக இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஹலாலான இறைச்சி அனுமதிக்கப்பட்டது, கடமையாக்கப்பட்டதன்று. உடல்நலம் கருதியோ விருப்பமின்மையாலோ ஒருவர் கறி உண்ணாதிருந்தால் அவருடைய ஈமானில் குறை வந்துவிடாது. அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று கருதுவதுதான் கூடாது. நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகவே கழிந்த நாட்கள் பல என்பதையும், அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டார்கள் என்பதையும் ஹதீஸ்களில் படிக்கிறோம். நம் ஊர் வலீமாவில் சுரைக்காய் வைத்தால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள், அது வேறு விஷயம். வள்ளலார் வழியினரும் சமணரும் உயிரிரக்கம் கருதிப் புலால் உண்ணாதிருப்பது மதிக்கத்தக்க வழக்கம். இங்கே நாம் பேசுவது உடல்நலத்தை மட்டுமே.

முதலில் இரத்தச் சோகையை எடுத்துக்கொள்வோம். 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் சைவ உணவு மட்டும் உண்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேரைச் சற்றே தாண்டுவார்கள். ராஜஸ்தானில் நூற்றுக்குச் சுமார் 75 பேர் சைவம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தச் சோகை என்று பார்த்தது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், ராஜஸ்தானில் 54.4 சதவீதம். பெரும்பாலும் சைவமான மாநிலமும் ஏறக்குறைய முழுவதும் அசைவமான மாநிலமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மீன் இல்லாமல் சோறு இறங்காத மேற்கு வங்கத்தில் 71.4 சதவீதம்! அதே மீன் உண்ணும் கேரளத்திலோ 36.3 சதவீதம்தான். ஆகவே, "நாங்கள் கறி தின்கிற வீடு" என்பது இரத்தத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

ஏன் இப்படி? நம் வீட்டுத் தட்டையே பார்ப்போம். ஆறு பேர் உள்ள வீட்டில் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அரைக் கிலோ கறி வாங்குகிறோம். எலும்போடு சேர்த்து ஆளுக்கு 80 கிராம் வரும். ஆட்டுக்கறியில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு 29 மில்லிகிராம். கறியில் உள்ள இரும்பு, கீரை, பருப்பில் உள்ளதைவிட உடலில் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இரண்டரை மில்லிகிராம் ஏழு நாளைத் தாங்குமா? மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அதற்குப் பெயர் மட்டும்தான் இல்லை, உண்மையில் அது ஒரு மோசமான சைவ உணவு.

ஆளுக்கு 80 கிராம் என்பதும் சமமாகப் பங்கிட்டால்தான். ஆண்களும் விருந்தாளியும் பிள்ளைகளும் உண்டு எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சும் குழம்பையும் எலும்பையும் வைத்துக்கொண்டு சாப்பிடும் மருமகள்கள் நம் வீடுகளில் இல்லையா? மாதவிடாயில் இரத்தம் இழப்பவரும், பிள்ளை சுமப்பவரும், பால் கொடுப்பவரும் அவர்கள்தாம். கடைசியில் உண்பதைப் பெண்ணின் நற்குணம் என்று நாம் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். இந்த வழக்கத்தை மார்க்கம் எங்கும் விதிக்கவில்லை. அதிகமான உதிரப்போக்கும் குடல் புழுவும் சோகைக்குக் காரணமாகலாம் என்பதால், அவர்களை மருத்துவரிடம் காட்டவும் வேண்டும்.

இதோடு தேநீர். சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் டீ குடிக்கும் பழக்கம் நமக்கு. தேநீரில் உள்ள டானின், உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக, கீரை, பருப்பின் இரும்பைச் சேர்க்க உதவும். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிவதற்குக் காசு ஒன்றும் பெரிதாக ஆகாது.

இனி, கறியை விட்டவர்களின் பக்கம். சைவ உணவால் நன்மை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 48,000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 18 ஆண்டுகள் கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019இல் வெளிவந்தது. கறி உண்பவர்களைவிடச் சைவர்களுக்கு மாரடைப்பு முதலான இதய நோய் 22 சதவீதம் குறைவு. ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். மீன் மட்டும் உண்பவர்களுக்கும் இதய நோய் குறைவாகவே இருந்தது. பால்கூடத் தொடாதவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று அதே ஆய்வுக் குழு மறு ஆண்டு சொன்னது. இது எந்தப் பக்கத்துக்கும் முழு வெற்றி இல்லை. அந்த நாட்டுச் சைவர் உண்பது முழுத் தானியம், பயறு, கொட்டைகள், பழம். நம் பெரியவர் கறியை விட்டபின் உண்பது மூன்று வேளையும் இட்லி, பொங்கல், சோறு, நடுவில் பஜ்ஜி. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? நம் நாட்டார் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025இல் காட்டியது. கறியை எடுத்த இடத்தில் சோற்றை வைத்தால் நோய் கூடத்தான் செய்யும். பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாம் அஞ்சுவது வைட்டமின் பி12 குறைபாட்டுக்கு. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. காய், கீரை, தானியம், பருப்பு எதிலும் இல்லை. பழைய சோறு போதும், சுருள்பாசி போதும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருந்துவிட வேண்டாம். சுருள்பாசியில் உள்ளது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரல் இந்த வைட்டமினைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால் கறியை விட்ட முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. பிறகு சோர்வு, இரத்தச் சோகை, கால் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோல் உணர்வு, மறதி, நடையில் தள்ளாட்டம் என்று மெல்ல வரும். நெடுநாள் கவனியாமல் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலே போகலாம்.

நீரிழிவுக்காரர்கள் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டும். நம்மில் பலர் உண்ணும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால், உடலில் பி12 சேர்வது குறையும். மாத்திரையும் தொடர்கிறது, கறி, மீன், முட்டை, பாலும் நின்றுவிட்டது என்றால் இரண்டு கதவும் அடைபட்டதாகும். கால் மரத்தால், "சர்க்கரை என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. குறைந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிசெய்துவிடலாம். மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். பாலையும் விட்டு வாழ்ந்து பார்த்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். 1918இல் கடும் நோயில் விழுந்து எழ முடியாமல் கிடந்து, கடைசியில் கஸ்தூரிபாய் வற்புறுத்த ஆட்டுப்பாலுக்கு இணங்கினார்.

அப்படியானால் டாக்டர் கறியைக் குறைக்கச் சொல்வது தவறா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், ஆடு, மாட்டுக் கறியை அப்படி உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. வாரம் ஒருமுறை அளவாகக் குழம்பு வைத்து உண்பவர் இதற்காக நடுங்க வேண்டாம். நிக்காஹ், வலீமா, வீடு குடிபுகுதல் என்று வாரத்தில் மூன்று நாள் டால்டா மிதக்கும் பிரியாணி, நடுவில் பொரித்த கோழி என்று போகிறவருக்குத்தான் எச்சரிக்கை. யூரிக் அமிலம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் பருப்பைக்கூட மருத்துவர் சொல்லும் அளவில்தான் உண்ண வேண்டும்.

நம் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. தால்ச்சாவை நினைத்துப் பாருங்கள். பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், கொஞ்சம் எலும்புக் கறி. கால் கிலோ கறி ஒரு சட்டிப் பருப்புக்கு ருசி தருகிறது, பருப்பின் இரும்பு உடலில் சேரவும் உதவுகிறது. நோன்புக் கஞ்சியும் அப்படித்தான்: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், ஒரு பிடி கொத்துக்கறி. நம் முன்னோர் கறியைச் சோற்றுக்குப் போட்டியாக வைக்கவில்லை, பருப்புக்குத் துணையாக வைத்தார்கள். அந்தக் கைப்பக்குவத்தை விருந்து நாளுக்கும் நோன்புக்கும் ஒதுக்கிவிட்டு, பிரியாணியை மட்டும் வாரநாளுக்கு இழுத்துவந்தவர்கள் நாம்தான்.

நமக்குக் கடலும் பக்கத்தில் இருக்கிறது. கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கரையில் இறங்கும் நெத்திலியும் மத்தியும் வஞ்சிரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். மத்தியில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு அதிகம். அறுப்பு பற்றிய கேள்வியும் மீனுக்கு இல்லை. (இறால் பற்றி மத்ஹபுகளிடையே உள்ள பேச்சை ஆலிம்களிடமே விட்டுவிடுவோம்.) குழம்பாக வைத்தால் நலம், கடற்கரைக் கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த மீன் அந்த நன்மையைக் கெடுத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது விலை ஏறும். அந்த நாட்களுக்கு முட்டை இருக்கிறது. கருவாடு இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, உப்பு அதிகம்.

முட்டை என்றதும் ஒன்று. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. தனியார் பள்ளிக்கும் மதரஸா விடுதிக்கும் அனுப்பப்படும் நம் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. விடுதி நடத்தும் ஜமாஅத்தார் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கறியே இல்லாத உணவும் உயிர் காக்கும் என்பதற்குச் சமீபத்திய சான்று காசநோய் ஆய்வு. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று, 2019 முதல் ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, கடலை மாவு, பால்பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளியின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். முட்டைகூடக் கிடையாது. அப்படி உணவு பெற்ற வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் அறிவித்தார்கள். அரிசியும் பருப்பும் போதுமான அளவில், வீட்டிலுள்ள எல்லோருக்கும், மாதம் தவறாமல் கிடைத்ததால் வந்த பலன் இது.

அந்த ஆய்வைப் படித்த பிறகு, நாம் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் மாதாந்திரப் பையைத் திறந்து பார்த்தோம். அரிசி, மைதா, சேமியா, சர்க்கரை, டால்டா, டீத்தூள். அரிசியை ரேஷன் கடை இலவசமாகவே கொடுக்கிறது. துவரம் பருப்பும் கிலோ 30 ரூபாய்க்கு ஒரு கிலோ கிடைக்கிறது, அது ஐந்தாறு பேருக்கு மாதம் முழுக்கப் போதாது. எனவே நிர்வாகக் குழு கூடி, அடுத்த மாதம் முதல் மைதா, சேமியா, டால்டாவை நிறுத்தி, சர்க்கரையைப் பாதியாக்கி, அரிசியையும் குறைத்து, துவரம் பருப்பு, கருப்புக் கொண்டைக்கடலை, காராமணி, வேர்க்கடலை, முப்பது முட்டைக்கான சீட்டு ஆகியவற்றைச் சேர்க்க முடிவு செய்திருக்கிறது. கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ உள்ள வீட்டுக்கு முட்டை இரட்டிப்பு. பை சிறியதாகத் தெரிகிறதே என்று நன்கொடையாளர் சிலர் வருத்தப்பட்டார்கள். செலவு முன்பைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ரமளான் பையில் என்னென்ன வைப்பது என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகும், இன்ஷா அல்லாஹ். ஆலோசனை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். மெட்ஃபார்மின் உண்பவர்கள் அடுத்த முகாமுக்குத் தங்கள் மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுவரவும்.

வஸ்ஸலாம்.