ஆங்கிலத் தொகைப் பெயரடைகள் வினையடையாகுமாறு

சென்ற ஆண்டில் உபகாரச் சம்பளம் வேண்டி ஆங்கிலத்தில் விண்ணப்பம் ஒன்று வரைந்தோம். கடுமையாக உழைத்துப் படிக்கின்றோம் என்பதே கூறக் கருதியது. 'ஹார்ட்-ஒர்க்கிங்' என்னும் பெயரடையை வினையடையாக்க எண்ணி, முதற்சொல்லின்பின் 'லி' விகுதியைச் சேர்த்து 'ஹார்ட்லி ஒர்க்கிங்' என்றெழுதிவிட்டோம். உழைப்பதே இல்லையென்னும்படி இருக்கின்றோம் என்பதன்றோ அதன் பொருள்! அஞ்சலிற் சேருமுன் அஃது ஆசிரியரொருவர் கண்ணிற் பட்டமை எமது நற்பேறு. அன்று தொட்டு இவ்விகுதி சேருமிடமும் சேராவிடமும் ஆராயத் தலைப்பட்டோம்.

இருசொற் கூடிப் பெயரடையாயவிடத்து ஆங்கிலேயர் அத்தொகையை ஒரு சொல்லாகவே கொள்வர். ஆகலின் விகுதி இறுதியிலேயே ஏறும். மறதியுடையானைக் குறிக்கும் 'ஆப்சென்ட்-மைண்டெட்' என்பது 'ஆப்சென்ட்-மைண்டெட்லி' ஆகும், முன்மொழி திரியாது. நம் மொழியிலும் அரைமனது என்பது அரைமனதாய் என்றாகுமேயன்றி அரையாய்மனது என்றாகாது. 'ஹாஃப்-ஹார்ட்டெட்லி' என்பதற்கு அரைமனதாய் என்பதினும் பொருத்தமான தமிழ் எமக்குத் தோன்றவில்லை.

இங்ஙனம் 'லி' ஏற்பனவற்றுட் பல, மனம், நெஞ்சு, இரத்தம், தலை, பார்வை என்னும் பெயர்களோடு 'எட்' சேர்ந்து முடிவன. இரக்கமின்றி என்னும் பொருளில் வரும் 'கோல்ட்-பிளடெட்லி' அவற்றுள் ஒன்று. இவை உறுப்பு முதலியவற்றின் பெயரால் ஒருவனது இயல்பைக் கூறுவன. இயல்பு செயலினும் வெளிப்படுமாதலின் வினைக்கு அடையாதற்குத் தடையில்லை. நீலக்கண்ணுடைய என்னும் 'புளூ-ஐட்' அத்தகைத்தன்று. நீலக்கண்ணாய் நடந்தான் என யாரே கூறுவர்?

ஓசையும் ஒரு காரணமாகலாம். 'மைண்டெட்', 'ஹார்ட்டெட்' என்பவற்றில் 'எட்' தனியசையாய் நிற்றலின் 'லி' எளிதிற் பொருந்துகின்றது. 'ஓல்டு-ஃபேஷண்டு' என்பதில் அது வெறும் மெய்யாய்த் தேய்ந்தமையின், 'இன் ஆன் ஓல்டு-ஃபேஷண்டு வே' எனச் சுற்றிக் கூறுதலே பெருவழக்கு. ஆயினும் 'குட்-நேச்சர்டுலி' என்பது நன்கு வழங்குதலின், இக்காரணம் முற்றும் செல்லாதென்பதை ஒப்புகின்றோம்.

'ஃபர்ஸ்ட்-கிளாஸ்', 'ஃபுல்-டைம்' முதலியன விகுதி வேண்டாமலே வினையடையாம். முதல் வகுப்பிற் பயணஞ் செய்தான் என்பதற்கு 'டிராவல்டு ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்றாற் போதும்.

எம்மை இடறச் செய்த 'ஹார்ட்-ஒர்க்கிங்' என்பதோ, இறுதியில் 'லி' சேர்த்தாலும் வழக்கிற் செல்லாது. 'ஹார்ட்' என்பதே திரிபின்றி வினையடையாய் நிற்கும். ஆசிரியர் எமது வரியை அடித்துவிட்டு, 'ஐ ஒர்க் ஹார்ட்' என மூன்றே சொற்களில் எழுதிக் கொடுத்தார்.