மானம் போச்சா, அசடு வழிந்ததா?

தூத்துக்குடியில் சிநேகிதியின் தங்கைக்குக் கல்யாணம். பந்தலில் எனக்கு முன்வரிசையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு வடம் முத்துமாலை. மங்கிப் பழுத்த நிறம். "சுத்தப் பாசிமணி! முத்து விளைந்த ஊரிலேயே இதைப் போட்டுக்கொள்ள எத்தனை தைரியம் பார்!" என்று சிநேகிதியின் காதில் கிசுகிசுத்தேன். கிசுகிசுத்ததாகத்தான் நினைப்பு. அந்த விநாடி பார்த்தா நாகஸ்வரம் நின்று தொலைக்க வேண்டும்!

ஆச்சி திரும்பினார். "எங்க பாட்டி போட்டிருந்த முத்தும்மா இது. இந்தக் கடல்ல எடுத்தது. வயசாச்சுல்லா, மங்கிட்டு" என்றார், சிரித்தபடியே.

எனக்குக் காது மடல் சுட்டது. சீதைக்காகப் பிளந்த பூமி எனக்காக ஓர் அங்குலம் பிளக்கக் கூடாதா என்றிருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கு நேர்ந்ததற்கு என்ன பெயர்? வெட்கமா? பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் வருவதல்லவா அது! கூச்சமா? புது இடத்தில் இன்னொரு தோசை கேட்கத் தயங்குவது கூச்சம். தர்மசங்கடம் என்கிறோமே? அம்மாவும் மாமியாரும் ஒரே நாளில் ஊருக்கு அழைத்தால் அது தர்மசங்கடம். இரண்டு கடமைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வது. எனக்கோ கடமை ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டிருப்பது!

பழைய இலக்கணத்தைப் புரட்டினால், தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் 'இளிவரல்' என்று ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே தாழ்வாக உணரும் நிலை. பொருத்தமான சொல்தான். ஆனால், "எனக்கு இளிவரலாக இருக்கிறது" என்று சமையலறையில் சொன்னால் வைத்தியரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆகவே நாம், "செத்தே போனேன்" என்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'மார்ட்டிஃபை' என்ற சொல்லும் மரணத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

உண்மையிலேயே அப்படிச் செத்துப்போன ஒருவரை நமக்குத் தெரியும். அவர் கதையிலும் முத்து வருகிறது. அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துக்கள் என்றான் பாண்டியன். சொல்லாமல் என்ன செய்வான்? கொற்கை முத்து அவன் குலத்தின் பெருமையல்லவா! கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள், தெறித்தது மாணிக்கம். ஒரு நிரபராதியைக் கொன்றுவிட்டோம் என்று சபை நடுவே உணர்ந்த மன்னன், தானே கள்வன் என்று சொல்லி விழுந்து இறந்தான். பிறகு கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து மதுரையில் அரசேற்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கொற்கை இன்று கடல் விலகிப்போய், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூராக இருக்கிறது.

மானம் போவது என்றால் அது. நாமோ, விருந்தாளி முன்னால் குழந்தை பாயசத்தைக் கொட்டினால், "என் மானமே போச்சு!" என்கிறோம். கணக்கில் மார்க் குறைந்தாலும் அதே வார்த்தை. பாண்டியன் உயிரைக் கொடுத்த சொல்லை ஏழு வயதுக் குழந்தையின் தலையில் சுமத்தலாமா? நமக்கு அது பேச்சுவாக்கு. அந்தப் பிஞ்சு மனசுக்கோ தீர்ப்பு. கொட்டியது பாயசம்தான், மானம் அல்ல. "அசடு வழிந்தது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தரையைத் துடைக்கலாமே!

தமிழில் 'நாண்' என்றால் வெட்கம். கயிற்றுக்கும் அதே சொல் உண்டு. 1961-இல் நடந்ததே தூத்துக்குடிக் கடலின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதுவரை தலைமுறை தலைமுறையாகக் குளியாட்கள் கயிற்றை நம்பித்தான் மூழ்கினார்கள். கயிறு அசைந்ததும் தோணியிலிருப்பவர் மேலே இழுத்துவிடுவார். நாணமும் அப்படித்தான் இருக்க வேண்டும். தப்புச் செய்தவரை மேலே தூக்கிவிட வேண்டும், அமுக்கிவிடக் கூடாது.

மறுநாள் காலை ஆச்சியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையில் ஒரு பொட்டலம் மக்ரூனைத் திணித்தார். "இதுக்குப் போயா தூங்காம கெடந்தே? இதே மாலையப் பாத்து, கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியாகிட்ட நானும் அதத்தாம்மா கேட்டேன்!" என்றார்.