லக்கி லூசியானோ (1897–1962)

சிசிலியின் லெர்காரா ஃப்ரிட்டியில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து, மாஃபியாத் தலைவரானவர். 1931-இல் மஸ்ஸேரியா, மாரன்சானோ என்ற இரு மாஃபியாத் தலைவர்களும் சில மாத இடைவெளியில் கொல்லப்பட்டனர். அதன்பின் மாஃபியாக் குடும்பங்களின் தகராறுகளைப் பேசித் தீர்க்க ‘கமிஷன்’ என்ற அவையை லூசியானோ நிறுவினார்.

அவரை வீழ்த்தியது கொலை வழக்கு அல்ல, பாலியல் தொழில் வழக்கு. அரசுத் தரப்பு வழக்கறிஞர் தாமஸ் டூயியின் குழுவில் இருந்த ஒரே பெண், ஒரே கறுப்பினத்தவர் யூனிஸ் கார்ட்டர். பாலியல் தொழில் வழக்குகளில் கைதாகும் பெண்களுக்காகத் திரும்பத் திரும்ப அதே வழக்கறிஞர்களும் அதே ஜாமீன் தரகர்களும் வருவதைக் கவனித்தவர் அவர்தான். அந்த நூலைப் பிடித்து, 1936 பிப்ரவரியில் நகரெங்கும் விபச்சார விடுதிகளில் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. பிடிபட்ட பெண்கள் பலர் உயிருக்கு அஞ்சியபடியே கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். இந்த வரலாற்றில் போற்றத்தக்க துணிவு அவர்களுடையது. ஜூன் மாதம் லூசியானோவுக்கு 30 முதல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் துறைமுகப் பாதுகாப்புக்காகக் கடற்படை உளவுத்துறை அவரது உதவியை நாடியது. அது எவ்வளவு பயன்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1946-இல், அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த அதே டூயி தண்டனையைக் குறைத்து, அவரை இத்தாலிக்கு நாடு கடத்த வழிசெய்தார். அவ்வாண்டே ரகசியமாக ஹவானா சென்ற லூசியானோவை, அமெரிக்காவின் அழுத்தத்தால் 1947-இல் கியூபா வெளியேற்றியது.

1962 ஜனவரி 26 அன்று நேப்பிள்ஸ் விமான நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். உடல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது.