ரங்கூன் பெரியம்மாவும் இணைய வேகப் பட்டியலும்

“ஹலோ பெரிம்மா, கேக்குதா?”

“கேக்குது கண்ணு. உன் மூஞ்சிதான் அசையாம அப்படியே நிக்குது.”

மியன்மாரின் யாங்கோனில் உறவு இருக்கிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். நம்ம பெரியவங்களுக்கு அது இன்னும் ரங்கூன்தான். நலம் விசாரித்து முடிப்பதற்குள் நாலு தடவை லைன் அறுந்துவிடும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கேட்கும்: “அங்க நெட் ஸ்பீடு அவ்ளோ கம்மியா?”

நல்ல கேள்விதான். ஆனால் உலக வேகப் பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதி பதில்தான் கிடைக்கும்.

முன்பெல்லாம் அகமாய் நிறுவனம் நாடுவாரியாகச் சராசரி இணைய வேகத்தை வெளியிட்டு வந்தது. 2017 முதல் காலாண்டில் உலகச் சராசரி நொடிக்கு 7.2 மெகாபிட். முதலிடத்தில் இருந்த தென்கொரியாவில் 28.6. இந்தியாவில் 6.5, இலங்கையில் 8.5. இன்று பலரும் பார்ப்பது ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பட்டியலை. அதில் சிங்கப்பூர் வீட்டு இணைப்புகளின் வேகம் 300 மெகாபிட்டையும் தாண்டிவிட்டது.

இந்தப் பட்டியல்களில் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பு இருக்கிறவரின் வேகத்தை மட்டும்தான் அளக்க முடியும். லைனே இல்லாதவர் கணக்கில் வர மாட்டார். ஊரில் சாப்பிட்டவங்களை மட்டும் நிற்க வைத்து, ‘இந்த ஊரில் ஆளுக்குச் சராசரியாக எத்தனை இட்லி’ என்று எண்ணுகிற மாதிரி. பட்டினி கிடந்தவர் அந்தக் கணக்கில் இல்லை.

இன்னொன்றும் இருக்கு. பெரியம்மாவோடு பேச எவ்வளவு வேகம் வேணும்? குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை. அதாவது ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்கு. முகம் பார்த்துப் பேச ஏறக்குறைய 1 மெகாபிட் போதும். பட்டியலின் அடியில் கிடக்கிற நாடுகளின் வேகம்கூட இதைவிட அதிகம். அப்புறம் ஏன் அறுந்து போகுது?

முதல் காரணம் கரண்ட். யாங்கோனில் சுழற்சி முறையில் மணிக்கணக்கில் மின்வெட்டு. கரண்ட் போனால் வீட்டு வைஃபை பெட்டி அணைந்துவிடும். எல்லாரும் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவார்கள், கோபுரத்தில் நெரிசல். அந்தக் கோபுரமும் அப்போது பேட்டரியிலோ டீசல் ஜெனரேட்டரிலோதான் ஓடணும்.

இரண்டாவது, தடை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 4ஆம் தேதி ஃபேஸ்புக்கை முடக்கியது. பிப்ரவரி 15 முதல் இரவு 1 மணியிலிருந்து காலை 9 மணி வரை நாடு முழுக்க இணையம் நிறுத்தப்பட்டது. மார்ச் 15 அன்று மொபைல் டேட்டா போனது. ஏப்ரல் 2 அன்று கம்பியில்லா வீட்டு இணைப்பும் போனது. ஃபைபர் கம்பி வந்திருந்த வீடுகள் மட்டும் மிஞ்சின. பிறகு படிப்படியாகத் திறந்தார்கள். ஆனாலும் பல பகுதிகளில் துண்டிப்பு ஓயவில்லை. ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி, 2024இல் உலகிலேயே அதிகமாக இணையம் துண்டிக்கப்பட்ட நாடு மியன்மார்: 85 தடவை. இந்தியா 84.

மூன்றாவது, சுற்றுவழி. தடை செய்த செயலியைத் திறக்க வி.பி.என். வழியாகப் போகணும். அப்படிப் போனால் பேச்சு வேறொரு நாட்டு சர்வரைச் சுற்றித்தான் வந்து சேரும். வேகம் இருந்தாலும் தாமதம் கூடும். நீங்க “சாப்டீங்களா?” என்று கேட்டு, பதில் வராமல் மறுபடி கேட்கும்போது முதல் கேள்விக்குப் பதில் வருவது இதனால்தான்.

இத்தனைக்கும் அந்த நாடு வேகமாக ஏறி வந்த நாடு. 2012 வாக்கில் ஒரு சிம் அட்டையே சில நூறு டாலர். 2013 ஏப்ரலில் அரசு நிறுவனமான எம்.பி.டி. 1,500 சாட் விலையில், அன்றைய மதிப்பில் 2 டாலருக்கும் குறைவாக, குலுக்கல் போட்டு விற்றது. 2014இல் கத்தாரின் ஊரிடூவும் நோர்வேயின் டெலிநாரும் கடை திறந்தன. டெலிபோனே இல்லாத வீடுகள் நேரே ஸ்மார்ட்போனுக்குப் போயின. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் டெலிநார் தொழிலை விற்றுவிட்டு 2022இல் வெளியேறியது. அதே ஆண்டு சிம்முக்கும் டேட்டாவுக்கும் வரி ஏறியது. ஆக, வேகம் குறைந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லாதது அல்ல.

சரி, வெளிநாட்டில் இருக்கிற நாம என்ன செய்யலாம்?

எப்போது கூப்பிட்டால் சௌகரியம் என்று அவங்களைக் கேளுங்க. கரண்ட் எப்போ வரும், எப்போ போகும் என்பது அவங்களுக்குத்தான் தெரியும். யாங்கோன் நேரம் சிங்கப்பூரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சென்னையைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

முதல் ரெண்டு நிமிஷம் முகம் பாருங்க, பிறகு வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் பேசுங்க. செயலியின் அமைப்பில் ‘குறைந்த டேட்டா’ என்பதைப் போட்டு வையுங்க. அவங்களுக்கு டேட்டா காசும் மிச்சம்.

குரல் பதிவு அனுப்பிப் பழகுங்க. லைன் இல்லாத நேரத்தில் அனுப்பினாலும், வந்ததும் போய்ச் சேரும்.

மிக முக்கியமானது கடைசி. அரசியல் படம், செய்தி எதையும் அவங்க போனுக்கு அனுப்பாதீங்க. தெருவில் நிறுத்தி போனை வாங்கிப் பார்க்கிற ஊர் அது. 2025 ஜனவரியில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வி.பி.என். சேவை அமைப்பதும் தருவதும் குற்றம். “இதை இறக்கிக்கோங்க” என்று இங்கிருந்து வற்புறுத்துவது நமக்குச் சுலபம், மாட்டுவது அவங்க. எந்தச் செயலியில் பேசுவது என்பதை அவங்களே முடிவு செய்யட்டும்.

கரண்ட் வந்ததும் யாங்கோன் தெருக்களில் ஒரு சத்தம் எழும்: “மீ லா பீ!” பர்மிய மொழியில் ‘கரண்ட் வந்துடுச்சு’. பெரியம்மாவின் குரல் பதிவில் அந்தச் சத்தம் பின்னால் கேட்டால் உடனே கூப்பிடுங்க. வேகம் எத்தனை மெகாபிட் என்று அப்புறம் பார்த்துக்கலாம்.