336 மணி நேரக் கணக்கு

நாயின் தோலில் போட்ட தையலைப் பிரிக்க வழக்கமாக 10 முதல் 14 நாள் ஆகும். 14 நாள் என்றால் 336 மணி நேரம். வேளைக்கு 20 நிமிடம் வீதம் தினம் 3 முறை சாப்பாட்டுக்காக, நாய் தையலை நக்காமல் தடுக்க மாட்டிய கழுத்துக் கூம்பைக் கழற்றினால், கழற்றிய நேரம் மொத்தம் 14 மணி, 4.2 சதவீதம். ஆள் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டியது அந்த நேரத்தில்தான். மீதி 322 மணி நேரமும் கூம்பின் பொறுப்பு. அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளாவிட்டால் நாக்கு புண்ணை எட்டிவிடும்.

தையல் பிரித்த அன்றே கூம்பையும் தூக்கிப் போடுவது அவசரப்பட்ட செயல். காயம்பட்ட தோல் 3 வாரத்தில் பெறுவது பழைய வலுவில் ஏறத்தாழ 20 சதவீதமே. 14-ஆம் நாளில் அதைவிடவும் குறைவு.

நாய் நக்கினால் புண் ஆறும் என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உமிழ்நீர் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் ஆகிய 2 கிருமிகளைக் கொன்றது. ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகிய இரண்டிடம் அதன் வேலை சொற்பம். நாய்த் தோலில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். போதாததற்கு, 2012-இல் வெளியான பட்டியல்படி நாய் வாயில் 353 வகை பாக்டீரியா; அவற்றில் சுமார் 80 சதவீதத்துக்கு அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை.

கூம்புக்கும் விலை உண்டு. சிட்னி பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 434 வளர்ப்பாளர்கள் பதில் அளித்தனர். கூம்பு மாட்டியிருந்த காலத்தில் தங்கள் பிராணியின் வாழ்க்கைத் தரம் குறைந்தது என்றவர்கள் 77.4 சதவீதம், தண்ணீர் குடிக்கச் சிரமப்பட்டது என்றவர்கள் சுமார் 60 சதவீதம். பூனை வளர்ப்போரும் இதில் அடக்கம், எல்லாம் உரிமையாளர் சொன்னவை. ஆனாலும் தண்ணீர்க் கணக்கைத் தள்ள முடியாது: விளிம்பு தரையில் இடித்துக் கிண்ணத்தை நகர்த்திவிடும். கூம்பின் வாய்க்குள் அடங்கும் சிறு கிண்ணத்தை ஒரு செங்கல் மேல் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

காயமே இல்லாமல் முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கும் நாய்களின் கணக்கு வேறு. 1992-இல் வெளியான சோதனையில் அத்தகைய 42 நாய்களுக்கு மனநல மருந்துகள் தரப்பட்டன. நக்குவது குளோமிப்ரமினால் 43 சதவீதமும் ஃபுளுவாக்செட்டினால் 39 சதவீதமும் குறைந்தது. சிறந்த மருந்திலும் 57 சதவீதம் மிச்சம். கூம்பைக் கழற்றியதும் நாக்கு பழைய இடத்துக்கே போனால், அடுத்த கூம்பு வாங்குமுன் ஒவ்வாமையா, மூட்டு வலியா, தனிமையா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.