'எங்க டீம்' யாருடையது?

ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. 'ஸ்லாப் ஷாட்' (1977) என்ற படத்தின் வழியாகத்தான் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பென்சில்வேனியாவின் எஃகு நகரம் அது. 1950இல் அங்கே 'ஜெட்ஸ்' என்ற சிறு லீக் தொழில்முறை அணி தொடங்கியது. அதில் ஆடிய நெட் டௌடின் சகோதரி நான்சி டௌட்தான் படத்தை எழுதியவர்.

படத்தில் அணியின் பெயர் 'சீஃப்ஸ்'. ஊரின் ஆலை மூடப்போகிறது, அணியும்தான். விற்றால் காசு வரும். ஆனா நஷ்டக் கணக்குக் காட்டி இழுத்து மூடினால் வரியில் லாபம் என்கிறார் முதலாளியம்மா.

அதே 1977இல் நிஜமான ஜெட்ஸும் கலைந்தது. அந்த ஜூலையில் வந்த வெள்ளத்தில் 80 பேருக்கு மேல் செத்தார்கள். பெத்லகேம் ஸ்டீல் படிப்படியாக ஆட்களைக் குறைத்து, 1992இல் அங்கே எஃகு உற்பத்தியையே நிறுத்தியது.

இதற்கிடையில் 1988இல் புது அணி ஒன்று வந்தது. அதற்கு வைத்த பெயர் 'சீஃப்ஸ்'! நிஜத்திலிருந்து புனைவு பிறக்கும் என்பது நம்முடைய வழக்கமான வாய்ப்பாடு. இங்கே, தன் அழிவைச் சொன்ன பிரதியிலிருந்தே ஊர் தனக்கொரு பெயரை எடுத்துக்கொண்டது. வெறும் விளம்பர உத்தின்னு இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2010இல் அந்த அணியும் தெற்குக் கரோலினாவின் கிரீன்வில்லுக்குப் போய்விட்டது. லீகில் ஆடும் உரிமை ஒரு சொத்து. சொத்து இடம் மாறும். காலரியில் தொண்டை வறளக் கத்தினவனுக்கு அதில் பங்கில்லை. பெயர் சினிமா தந்தது, கூட்டம் ஊர் தந்தது, பத்திரம் மட்டும் வேறு ஆள் பெட்டியில். அப்போ 'எங்க டீம்'னு சொல்றப்ப, அந்த 'எங்க' யாரு?